பொதுச்சொத்த ஊரே பாத்துக்கிட்டா உருப்படுமா?

கேள்வி: தண்ணி, மேய்ச்சல் நிலம் இதெல்லாம் ஊர்க்காரங்களே நிர்வகிக்கணும்ங்கிறாங்க, ஆனா பொதுன்னாலே அவனவன் சுருட்டிட்டுப் போயிட மாட்டானா? 1968ல காரெட் ஹார்டின்னு ஒரு அமெரிக்க சூழலியல் அறிஞர் சொன்னதும் அதானே?

பதில் 1: அது கேக்க ஆளில்லாத நிலத்துக்குப் பொருந்தும். எலினோர் ஆஸ்ட்ரம் (2009 பொருளாதார நோபல்) எழுதினதப் பாருங்க, சுவிஸ்ல டோர்பெல்னு ஒரு கிராமம், குளிர்காலத்துல எத்தன மாட்டுக்கு உங்களால தீனி போட முடியுமோ அத்தன மாட்டத்தான் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம்னு 1517லயே ரூல் போட்டுட்டாங்க, மீறினா ஃபைன், அதுல பாதி வசூல் பண்ற ஆளுக்கே, அப்புறம் அவர் கண்ணு அசருமா என்ன 😄

பதில் 2: ரூல யார் போடறாங்கங்கிறதும் முக்கியம் ப்ரோ. மேலருந்து திணிச்சா எவனும் மதிக்க மாட்டான். மொத தப்புக்கு சின்ன ஃபைன், திரும்பத் திரும்ப பண்ணா பெருசு, அப்படித்தான் ஓடுது.

பதில் 3: எல்லாம் சரி, கூட்டத்துல பேசறது நிலம் வச்சிருக்கவங்க மட்டும்தானே? தண்ணி எடுக்கற பொம்பளைங்கள யார் கேக்கறா?