வீட்டை அழகாக்கும் யோசனை உங்களுக்கு எங்கே கிடைத்தது?

எல்லோருக்கும் வணக்கம். புது வீட்டுக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. அதில் முதல் ஐந்து மாதம் நான் செய்ததெல்லாம் படம் சேர்த்ததுதான். பின்டெரெஸ்டில் ஒரு பக்கம், ஃபோனில் ஸ்கிரீன்ஷாட்டுக்கென்று தனி ஃபோல்டர், பத்திரிகைகளிலிருந்து கத்தரித்த தாள்கள் ஒரு கவர் நிறைய. ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், நானூறைத் தாண்டியிருந்தது. ஹாலில் ஒரு நாற்காலிகூட இடம் மாறியிருக்கவில்லை. படம் சேரச் சேரக் குழப்பமும் சேர்ந்தது. காலையில் வெள்ளைச் சுவர் பிடிக்கும், ராத்திரி அடர்பச்சை பிடிக்கும். ஒன்றைத் தொட்டால் மற்றது கைவிட்டுப் போய்விடுமோ என்று பயம்.

அக்கா வந்து தங்கியிருந்தபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. "இதுல எதை வாங்கலாம்னு பார்க்காதே. எதுக்காக எடுத்து வச்சேன்னு பாரு" என்றாள். அதிகம் பிடித்த நாற்பது படங்களை மட்டும் பிரிண்ட் எடுத்துத் தரையில் பரப்பினோம். சோபா, அலமாரி, பூச்சாடி எதையும் கணக்கில் எடுக்காமல், திரும்பத் திரும்ப வருவது என்ன என்று தேடினோம். நிறத்தில் எந்த ஒற்றுமையும் இல்லை. ஆனால் நாற்பதில் முப்பத்தொன்றில் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வந்தது. கூரை விளக்கு எரிந்த படம் இரண்டே இரண்டு. பெரும்பாலானவற்றில் ஜன்னலுக்குப் பக்கத்தில் யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல ஓர் இருக்கை இருந்தது. ஐந்து மாதமாக நிறத்தைத் தேடுகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வெளிச்சம்.

அன்று சாயங்காலமே கூரையிலிருந்த 6500 கெல்வின் வெள்ளை டியூபை அணைத்துவிட்டு, படுக்கையறை மேசை விளக்கை ஹாலுக்குக் கொண்டுவந்து, மஞ்சள் வெளிச்சம் தரும் 2700 கெல்வின் பல்பு போட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பழைய சாய்வு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினேன். அந்த நாற்காலியின் கைப்பிடியில் பாலிஷ் போய் மரம் தெரியும் இடம் ஒன்று உண்டு. அப்பா கை வைத்துத் தேய்ந்தது. பக்கவாட்டு வெளிச்சம் பட்டதும் அந்த இடம் மட்டும் தேன் நிறத்தில் மின்னியது. வேறு எதுவுமே வாங்காமல் அறை மாறிவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் படங்களில் பல, அகலக் கோண லென்ஸில் எடுத்தவை. பத்தடி அறை பதினைந்தடியாகத் தெரியும். அதைப் பார்த்து உங்கள் அறை சிறியது என்று மனம் தளர வேண்டாம்.

உங்களுக்கு யோசனை எங்கிருந்து வந்தது? படம்தான் என்றில்லை, எதுவானாலும் எழுதுங்கள்.

* * *

எனக்கு ஓவியத்திலிருந்து வந்தது. வில்ஹெல்ம் ஹமர்ஷோய் என்ற டென்மார்க் ஓவியர், 1864 முதல் 1916 வரை வாழ்ந்தவர். கோபன்ஹேகனில் 1898 முதல் 1909 வரை ஒரே குடியிருப்பில் இருந்துகொண்டு, அந்த அறைகளையே மறுபடி மறுபடி வரைந்தார். திறந்து கிடக்கும் வெள்ளைக் கதவு, அதற்குப் பின்னால் இன்னொரு கதவு, முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண். பெரும்பாலும் அவருடைய மனைவிதான் அது. 1900இல் வரைந்த ஒன்றில் ஆளும் இல்லை, சாமானும் இல்லை. ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழும் வெயிலும், அதில் மிதக்கும் தூசியும் மட்டும்தான்.

நூலகத்தில் தற்செயலாக அவருடைய ஓவியங்கள் உள்ள புத்தகம் ஒன்றைப் புரட்டியவள், அரை மணி நேரம் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து என் அறையைப் பார்த்தால் வெயில் எங்கே விழுகிறது என்றே தெரியவில்லை. அவ்வளவு சாமான். அந்த வார இறுதியில் அறையை மொத்தமாகக் காலி செய்தேன். படுக்கையைத் தவிர எல்லாம் வெளியே. ஒரு வாரம் அப்படியே இருந்தேன். ஒன்பதரை மணிக்கு வெயில் கதவோரம் வருகிறது, பதினொன்றுக்குப் படுக்கையின் கால்மாட்டைத் தொடுகிறது, ஒரு மணிக்குப் போய்விடுகிறது. நான்கு வருடமாக அந்த அறையில் தூங்கி எழுந்தும் இது எனக்குத் தெரியாது.

அப்புறம் தேவைப்பட்ட பிறகுதான் ஒவ்வொரு பொருளாக உள்ளே வந்தது. எழுதும் மேசை பதினொரு மணி வெயிலுக்கு வந்தது. ஒரு ஸ்டூலும் இரண்டு அலமாரித் தட்டும் திரும்பி வரவேயில்லை.

* * *

முதலில் எழுதியவர் நிறத்தைப் பற்றிச் சொன்னதால் என் அனுபவம். நண்பர் வீட்டு ஹாலில் சாம்பல் கலந்த ஒரு பச்சை. போகும்போதெல்லாம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஷேட் எண்ணைக் கேட்டு வாங்கி, அதே பெயிண்டை என் படுக்கையறைக்கு அடிக்கச் சொன்னேன். பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட் முடிந்து காய்ந்ததும் போய்ப் பார்த்தால் ஈர சிமெண்ட் மாதிரி நீலம் பாய்ந்து நிற்கிறது. டப்பா மாறிவிட்டது என்று பெயிண்டரிடம் கோபப்பட்டுவிட்டேன். அவர் பேசாமல் மூடியைக் கொண்டுவந்து எண்ணைக் காட்டினார். சரியான டப்பாதான். அன்றே மன்னிப்புக் கேட்டேன்.

நண்பர் வீட்டில் தரை செம்பழுப்பு. வெயில் தரையில் பட்டுச் சுவருக்கு ஏறும்போது அந்தச் செம்மையையும் சேர்த்துக்கொண்டு போகிறது. என் அறையில் நேர்வெயிலே கிடையாது. வானத்து வெளிச்சம் மட்டும்தான், அதில் நீலம் அதிகம். தரையும் வெளிர்சாம்பல். அங்கே நான் ரசித்த பச்சையில் பாதி அந்தத் தரையினுடையது. பெயிண்டோடு அது எப்படிக் கூட வரும்?

இப்போது யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன். கையளவு ஷேட் கார்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சுவர் முழுக்க வரும்போது அதே நிறம் இன்னும் அழுத்தமாகத் தெரியும். பெரிய அட்டை ஒன்றில் இரண்டு கோட் அடித்து, காலை, மதியம், ராத்திரி என்று அறையின் ஒவ்வொரு மூலையிலும் சாய்த்து வைத்துப் பாருங்கள். ராத்திரிக்கு உங்கள் வீட்டு பல்புதான் எரிய வேண்டும், கடை விளக்கு உதவாது. துணிக்கும் இதே கதைதான். கடையில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்த திரைச்சீலையும் மெத்தை உறையும் வீட்டு விளக்கில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நிற்கலாம். சாயம் வேறுவேறாக இருந்தால் ஒரு வெளிச்சத்தில் பொருந்தும், இன்னொன்றில் பிரியும். பல்பு வாங்கும்போது சிஆர்ஐ, அதாவது நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற மதிப்பெண், 90க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். நிறங்கள் உள்ளபடி தெரிய அது முக்கியம்.

* * *

வாடகை வீடு. ஆணி அடிக்கக் கூடாது, பெயிண்ட் மாற்றக் கூடாது. எனக்கு யோசனை கொடுத்தது ரயில் பெட்டி. ராத்திரிப் பயணத்தில் மேல் பெர்த்தில் படுத்திருந்தேன். தலைமாட்டில் சின்ன விளக்கு, கைக்கெட்டும் தூரத்தில் ஸ்விட்ச், கண்ணாடியும் ஃபோனும் வைக்க வலைப்பை, சட்டை மாட்ட ஒரு கொக்கி. படுத்த இடத்திலிருந்து எழவே வேண்டியதில்லை. என் வீட்டிலோ விளக்கை அணைக்கக் கதவு வரை நடக்க வேண்டும். ஊர் திரும்பியதும் கட்டில் சட்டத்தில் கிளிப் விளக்கு, துணிப்பை, கொக்கி மூன்றையும் மாட்டிவிட்டேன். ஓர் ஆணிகூட அடிக்கவில்லை.

இன்னொன்று, சோபா வாங்கும் முன் அதன் அளவுக்குத் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்தேன். நடைபாதைக்கு 75 சென்டிமீட்டராவது மிஞ்ச வேண்டும். எனக்கு 50தான் மிஞ்சியது. சின்ன சோபாவாக வாங்கினேன்.

* * *

லண்டனில் ஜான் சோன் என்ற கட்டடக் கலைஞர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம். 1837இல் அவர் இறந்தபோது இருந்தபடியே வைத்திருக்க வேண்டும் என்று 1833இலேயே நாடாளுமன்றத்தில் சட்டம் வாங்கியிருந்தார். அங்கே காலை உணவுக்கென்று ஒரு சிறிய அறை. கூரையில் ஆழமில்லாத ஒரு குவிமாடம், அதில் சின்னச் சின்ன வட்டக் குவியாடிகள். எங்கே நின்றாலும் அறை துண்டு துண்டாக உங்களைத் திரும்பிப் பார்க்கும். அவ்வளவு சிறிய அறை என்பதே மறந்துபோகும்.

அந்த மயக்கத்தில் வீட்டுக்கு வந்து ஆளுயரக் கண்ணாடி ஒன்று மாட்டினேன். அறை பெரிதாகவில்லை, நெரிசல்தான் இரட்டிப்பானது. எதிரே துணி மடித்து அடுக்கிய திறந்த அலமாரி. ஓர் அலமாரி இரண்டாகிவிட்டது! எதிரே இருப்பதை இரட்டிப்பாக்குவதுதானே கண்ணாடியின் வேலை. இதை மாட்டுவதற்கு முன்பே யோசித்திருக்க வேண்டும். பிறகு என் மகனைக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நகரச் சொல்லி, நான் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து பார்த்தேன். ஜன்னலுக்கு நேரெதிரே வேண்டாம், கண் கூசியது. ஜன்னலை ஒட்டிய பக்கச்சுவரில் வைத்தபோது வெளியே நிற்கும் மரம் உள்ளே வந்தது. இப்போது அங்கேதான் இருக்கிறது.

* * *

நான் எழுதலாமா என்று யோசித்தேன், ஏனென்றால் நான் தேடியது அழகை இல்லை. அம்மாவுக்குப் பார்வை மங்கத் தொடங்கியது. வீடு முழுக்க ஒரே வெளிர்க்கிரீம் நிறம். சுவர், தரை, சோபா, கதவு எல்லாம். நான்தான் ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்தேன். ஒருநாள் அம்மா சோபா இருக்கிறது என்று நினைத்து அதன் விளிம்புக்கு வெளியே உட்காரப் போனார். நல்லவேளை, பக்கத்தில் நான் இருந்தேன்.

அடுத்த வாரம் கண் பரிசோதனைக்குப் போன இடத்தில் காத்திருக்கும் கூடத்தைக் கவனித்தேன். தரை வெளிர்நிறம், நாற்காலி அடர்நீலம். கதவு சுவரைவிட அடர்த்தி, கைப்பிடி கதவைவிட வெளிர். படியின் விளிம்பில் மஞ்சள் பட்டை. யாரும் கைபிடித்துக் கூட்டிப் போகாமலே அம்மா நேராகப் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நொடி எனக்குள் ஏதோ உடைந்தது. என் வீட்டில் அவரால் செய்ய முடியாததை முன்பின் தெரியாத இடத்தில் செய்கிறார்.

உட்கார்ந்த இடத்திலேயே பேப்பரில் குறித்துக்கொண்டேன். வீட்டில் சோபாவுக்கு அடர்நீல உறை வந்தது. ஸ்விட்ச் பலகைகளைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு அடர்நிறப் பட்டை. குளியலறையில் வெள்ளைச் சுவருக்கு எதிரே அடர்நிறத் துண்டு. பளபளக்கும் தரையில் ஜன்னல் வெளிச்சம் தெறித்துக் கண் கூசியதால் மெல்லிய திரை. அடர்நிறத் தரைவிரிப்பு ஒன்றும் போடலாம் என்றிருந்தேன். அங்கிருந்த செவிலியர்தான் தடுத்தார். வெளிர்த்தரை நடுவே கறுப்பாக ஒன்று கிடந்தால், பார்வையோ நினைவோ தடுமாறும் பெரியவர்களுக்கு அது பள்ளம் மாதிரித் தெரியக்கூடும், கால் வைக்கத் தயங்குவார்கள் என்றார். விட்டுவிட்டேன்.

போன வாரம் அம்மா அந்த நீல சோபாவின் ஓரத்தைத் தடவிக்கொண்டே, "இந்த நிறம் நல்லாருக்கு, யார் பார்த்து வாங்கினது?" என்று கேட்டார்.

* * *

அம்மாவைப் பற்றி எழுதியவருக்கு என் அன்பு. என் தம்பி வீட்டுக்கும் இதைச் சொல்லப் போகிறேன்.

என்னுடையது சின்ன விஷயம். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே அறை, நாளெல்லாம் சண்டை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 1924இல் கட்டிய ரீட்வெல்ட் ஷ்ரோடர் வீட்டின் வரைபடம் ஒன்றைப் பார்த்தேன். மூன்று குழந்தைகளோடு அங்கே குடியேறிய ஷ்ரோடர் அம்மையார், கட்டடக் கலைஞர் ரீட்வெல்டுடன் சேர்ந்தே அதைத் திட்டமிட்டார். மாடியில் நகரும் தடுப்புகள். பகலில் ஒரே கூடம், ராத்திரி தனித்தனி அறை. எங்களால் தடுப்பு போட முடியாது. கூரையில் திரைச்சீலைக்கான தடம் ஒன்று போட்டு, கனமான துணி தொங்கவிட்டோம். ஏழு மணிக்கு மேல் இழுத்து மூடிக்கொள்வார்கள். முதல் நாள் இருவரும் திரைக்கு இரண்டு பக்கமும் படுத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

* * *

முதலில் எழுதியவள் மறுபடி வந்திருக்கிறேன். எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். ஹாலில் நிறம் மாற்றும் ஆசை இன்னும் போகவில்லை. அதனால் மூன்றாவதாக எழுதியவர் சொன்னபடி பெரிய அட்டை ஒன்றுக்கு அடர்பச்சையில் இரண்டு கோட் அடித்திருக்கிறேன். காலையில் ஜன்னலோரம் கொஞ்சம் மஞ்சளித்துத் தெரிந்தது, மதியம் நல்ல பச்சை. இப்போது அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறேன். விளக்குப் போடும் நேரம் ஆகவில்லை. பார்த்துவிட்டு எழுதுகிறேன்.