தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். என் தம்பிக்கு 27 வயது. மூன்று வருடத்துக்கு முன் தென்னை மரத்திலிருந்து விழுந்ததில் தண்டுவடத்தில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை.

போன வாரம் ஒரு தனியார் கிளினிக்கில் ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக வளரக்கூடிய மூலச் செல்) ஊசி போட்டால் நடப்பான் என்று சொல்லி ஆறு லட்சம் கேட்டார்கள். நகையை விற்றுவிடலாம் என்கிறார் அம்மா. எனக்கு மனசு ஒப்பவில்லை. ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதலின்படி, தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல் என்பது இன்னும் ஆராய்ச்சிதான். முறையான ஆய்வுக்கு வெளியே அதைச் சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது.

ஜப்பானின் கேயோ பல்கலைக்கழகம் 2021 டிசம்பரில், ஐபிஎஸ் செல்லிலிருந்து (உடலின் சாதாரணச் செல்லை ஆய்வகத்தில் ஸ்டெம் செல் போல மாற்றியது) வளர்த்த நரம்புச் செல்களை முதல் நோயாளிக்கு வைத்தது. மொத்தம் நான்கே பேர், எல்லோரும் அடிபட்டுச் சில வாரமே ஆனவர்கள். நாளானால் காயத்தில் தழும்பு இறுகி நரம்பு வளர்வதைத் தடுக்குமாம். பழைய காயத்தில் எனக்கு நம்பிக்கை தந்தது சுவிட்சர்லாந்தின் லோசான் குழுதான். தண்டுவடத்தில் மின்தூண்டல் கொடுத்து 2018இல் மூவரைப் பிடிமானத்தோடு நடக்க வைத்தார்கள். ஆனால் அவர்களுக்குக் காலில் கொஞ்சமாவது அசைவோ உணர்வோ மிச்சம் இருந்தது.

சரி, நான் கேட்பது இதுதான். பழைய காயத்துக்கு இந்தியாவில் பதிவு பெற்ற ஆய்வு எதிலாவது இப்போது ஆள் சேர்க்கிறார்களா? இப்படி ஊசி போட்டுக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் உண்மையில் என்ன மாற்றம் தெரிந்தது என்று சொல்லுங்கள். அப்புறம், அவனுக்குப் படுக்கைப்புண் திரும்பத் திரும்ப வருகிறது, நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்ல வேண்டும்.