பர்மா பஜார் கேமராவா, முகவரிடம் வாங்குவதா?

மன்னார்குடி அன்பர்:
வணக்கம். கல்யாணங்களுக்குப் படம் எடுப்பதே என் பிழைப்பு. தை முகூர்த்தங்களுக்குள் புதிய கேமரா வாங்க வேண்டும். தஞ்சாவூரில் அங்கீகாரம் பெற்ற கடை சொல்லும் விலையைவிட, சென்னை பர்மா பஜாரில் அதே மாடல் கணிசமாகக் குறைவு. போலியல்ல, வெளிநாட்டுச் சந்தைக்கான அசல் பொருள் என்கிறார்கள். இது சட்டப்படி சரியா, பழுது வந்தால் யார் பார்ப்பார்கள் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கும்பகோணம் வாசகர்:
தம்பி, 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டத்தின் 30(3)ஆம் பிரிவை ஆராய்ந்த டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு, சாம்சங் தொடர்ந்த வழக்கில் 2012இல், வெளிநாட்டில் முறையாக வாங்கிய அசல் பொருளை இங்கே கொண்டுவந்து விற்பது வணிகக் குறியை மீறுவதாகாது என்றது. ஆனால் உத்தரவாதமும் பழுதுநீக்கமும் அந்நிறுவனத்தின் பொறுப்பல்ல என்பதை விற்பவர் கடையில் தெளிவாக எழுதி வைக்க வேண்டும் என்றும் கூறியது. சுங்க வரி கட்டாமல் வந்த சரக்குக்கு இந்தத் தீர்ப்பு துணை நிற்காது.

மயிலாடுதுறை நண்பர்:
நான் அப்படி வாங்கி அவதிப்பட்டவன். ஐப்பசி அடைமழையில், தாலி கட்டும் நேரத்தில் ஷட்டர் நின்றுபோனது. சேவை மையத்தில் அடிப்பக்கத்து சீரியல் எண்ணைப் பார்த்ததுமே, இந்தியாவில் விற்றதல்ல என்று திருப்பித் தந்துவிட்டார்கள். பெட்டியில் இறக்குமதியாளர் முகவரியும் அதிகபட்ச சில்லறை விலையும் அச்சிட்ட சீட்டு இல்லையென்றால் தொடாதீர்கள். ஸ்டாண்ட், பை போன்றவற்றை எங்கு வேண்டுமானாலும் வாங்கலாம். கேமராவைப் பில்லுடன் முகவரிடமே வாங்குங்கள்.

மன்னார்குடி அன்பர்:
நன்றி ஐயா. நாளை தஞ்சாவூர் கடையில் தவணை பற்றி விசாரிக்கிறேன்.