சிங்க்வே தெர்ரேயில் இரண்டு நாள்: முழங்கால் வலியுள்ள தோழி, ஞாயிறன்று ரயில் வேலைநிறுத்தம், கொர்னீலியாவில் அறை. என்ன செய்யலாம்?

மிலான் மாணவி:

அனைவருக்கும் வணக்கம். நான் மிலானில் முதுகலை படித்து வருகிறேன். செப்டம்பர் கடைசி வாரத்தில், ஜெர்மனியில் பணிபுரியும் என் கல்லூரித் தோழி இங்கே வருகிறாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் இத்தாலியின் லிகூரியாக் கடற்கரையில் உள்ள சிங்க்வே தெர்ரே என்ற ஐந்து கிராமங்களில் தங்கிச் சுற்றலாம் என்று முடிவு செய்து, அவற்றில் ஒன்றான கொர்னீலியாவில் ஓர் அறையும் பதிவு செய்துவிட்டோம். இப்போது மூன்று சிக்கல்கள் ஒன்றாக வந்து நிற்கின்றன.

முதலாவது, தோழிக்குச் சென்ற ஆண்டு முழங்காலில் தசைநார் அறுவை சிகிச்சை நடந்தது. சமதளத்தில் எவ்வளவு தூரமும் நடப்பாள். படி ஏறுவதைவிட இறங்குவதுதான் அவளுக்குக் கடினம். அறையின் உரிமையாளர் நிலையத்திலிருந்து சிறிது நேர நடை என்று எழுதியிருக்கிறார், ஆனால் படங்களில் படிக்கட்டுகளாகவே தெரிகின்றன.

இரண்டாவது, சனிக்கிழமை இரவு 9 மணி முதல் ஞாயிறு இரவு 9 மணி வரை ரயில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் அறிவித்திருக்கிறார்கள். காலை 6 முதல் 9 வரையும், மாலை 6 முதல் 9 வரையும் ரயில்கள் கட்டாயம் ஓடும் என்று வகுப்பில் சொல்கிறார்கள். அதை நம்பி ஞாயிறு மாலை திரும்பலாமா?

மூன்றாவது, ஒரு நடைபாதையிலாவது நடக்க வேண்டும் என்பது தோழியின் ஆசை. அங்குள்ள தேசியப் பூங்காவின் அட்டைகளில் எதை வாங்க வேண்டும், எந்தப் பாதை அவளுக்கு ஒத்துவரும் என்பது தெரியவில்லை. வரும் செவ்வாய்க்கிழமைக்குள் ரத்து செய்தால் அறையின் பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்பதால் அதற்குள் முடிவெடுக்க வேண்டும்.

ஜெனோவாவாசி:

வணக்கம் தங்கச்சி. நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன், பல ஆண்டுகளாக ஜெனோவாவில் வசிக்கிறேன். முதலில் அறை அலுவலைப் பார்ப்போம், ஏனென்றால் மற்ற இரண்டு சிக்கல்களும் அதிலேதான் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

ஐந்து கிராமங்களில் கொர்னீலியா மட்டும் கடலோடு ஒட்டி இல்லை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ நூறு மீற்றர் உயரத்தில், ஒரு பாறை முனையின் மேல் இருக்கிறது. புகையிரத நிலையமோ கீழே கடலோரத்தில். நிலையத்திலிருந்து ஊருக்கு ஏறும் செங்கல் படிக்கட்டின் பெயர் லர்தரீனா. முப்பத்துமூன்று அடுக்குகளாக வளைந்து வளைந்து போகும் அதில் ஏறக்குறைய 380 படிகள் உள்ளன. உரிமையாளர் பொய் சொல்லவில்லை. அந்தத் தூரத்தை அவர் தன் கால்களைக் கொண்டு அளந்திருக்கிறார். நிலையத்துக்கும் ஊருக்கும் இடையே ஒரு சிற்றுந்து ஓடுவது உண்மைதான். ஆனால் இருக்கைகள் குறைவு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அதை எதிர்பார்க்க முடியாது. கடைசியாக ஒன்று: கொர்னீலியாவில் படகுத்துறை இல்லை. புகையிரதம் நின்றுபோகும் ஒரு நாளில், படகும் வராத ஊரில், படி இறங்க முடியாத ஒருவரோடு இருப்பது புத்திசாலித்தனம் அல்ல.

என் ஆலோசனை மொன்தெரோஸ்ஸோ. ஐந்தில் மிகப் பெரியதும் மிகச் சமதளமானதும் அதுதான். நிலையத்தின் வாசலைத் தாண்டினால் ஃபெஜீனா என்ற புதிய பகுதியும் நீண்ட கடற்கரையும் எதிரிலேயே இருக்கும். பழைய ஊருக்கு ஒரு சுரங்கப்பாதை வழியாகவோ, கடலோர நடைபாதை வழியாகவோ போகலாம்.

ரயில் பயணி:

வேலைநிறுத்தம் பற்றி அண்ணா எழுதவில்லை என்பதால் நான் சேர்க்கிறேன். உங்கள் வகுப்பில் சொன்னது பாதி சரி, ஆனால் உங்களுக்குத் தேவையான பாதி தவறு. வட்டார ரயில்களுக்கான அந்தக் காலை, மாலை உத்தரவாத நேரங்கள் வேலை நாள்களுக்கு மட்டுமே உரியவை. சனிக்கிழமை வேலை நாளாகக் கணக்கில் வரும், ஞாயிறு வராது. ஆகவே ஞாயிறு மாலை 6 மணிக்கு நிலையத்தில் நின்றால், கிராமங்களுக்கு இரு பக்கமும் உள்ள லெவாந்தோவுக்கும் லா ஸ்பெத்ஸியாவுக்கும் இடையே ஓடும் கிராம ரயில் வரலாம், வராமலும் போகலாம். கேட்பதற்கு உங்களுக்கு எந்த உரிமையும் இருக்காது.

தொலைதூர ரயில்களின் கதை வேறு. வேலைநிறுத்த நாளிலும் கட்டாயம் இயக்கப்படும் தொலைதூர ரயில்களுக்கு, எண்களோடு ஒரு பட்டியல் வெளியிடப்படுகிறது. ஞாயிறு, விடுமுறை நாள்களுக்கென்று அதில் தனிப் பகுதியே உண்டு. மிலானுக்கும் லிகூரியாவுக்கும் இடையே ஓடும் இண்டர்சிட்டி ரயில்களில் சில மொன்தெரோஸ்ஸோவில் நிற்கின்றன. நடுவில் உள்ள வெர்னாத்ஸா, கொர்னீலியா, மனரோலா ஆகியவற்றில் வட்டார ரயில்கள்தாம் நிற்கும். எனவே அண்ணா படிக்கட்டை மனத்தில் வைத்து மொன்தெரோஸ்ஸோவைச் சொன்னார் என்றால், நான் ரயிலை மனத்தில் வைத்து அதையே சொல்கிறேன். பட்டியலில் உங்கள் ரயிலின் எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருக்கையையும் இன்றே பதிவு செய்துவிடுங்கள், ஏனென்றால் மற்ற ரயில்களின் பயணிகளும் அதில்தான் ஏறுவார்கள்.

ஏற்கெனவே வாங்கிய பயணச்சீட்டு இருந்தால், வேலைநிறுத்தத்தைக் காரணம் காட்டி முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம். இண்டர்சிட்டிக்குப் புறப்படும் நேரம் வரை அவகாசம் உண்டு. வட்டார ரயிலுக்கு, வேலைநிறுத்தத்துக்கு முந்தைய நாள் நள்ளிரவுக்குள் கேட்க வேண்டும்.

இன்னொன்று. சனிக்கிழமை இரவு எங்காவது சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதாக இருந்தால், 9 மணிக்கு முன்பே உங்கள் ஊர் நிலையத்தில் இறங்கியிருக்க வேண்டும். தொடங்கும் நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ரயில், ஒரு மணி நேரத்துக்குள் கடைசி நிலையத்தை அடைய முடியும் என்றால் அங்கே போய்ச் சேரும். இல்லையென்றால் வழியிலேயே ஒரு நிலையத்தில் நின்றுவிடலாம்.

மலைப்பாதை விரும்பி:

கொர்னீலியாவை அவ்வளவு எளிதில் தள்ளிவிட வேண்டாம் என்று சொல்லவே எழுத வந்தேன். இரவு எட்டு மணிக்குப் பகல் கூட்டம் வடிந்த பிறகு, அந்த ஊரின் சிறிய சதுக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்கு ஈடான ஒன்று மற்ற நான்கிலும் கிடையாது. ஆனால் முழங்கால், வேலைநிறுத்தம் இரண்டும் சேர்ந்திருக்கும்போது என்னாலும் அதற்காக வாதாட முடியவில்லை.

பாதைகளுக்கு வருகிறேன். கிராமங்களை இணைக்கும் நீலப் பாதையில் மொன்தெரோஸ்ஸோவிலிருந்து வெர்னாத்ஸா வரையிலான பகுதிதான் படங்களில் அதிகம் வருவது. மூன்றரைக் கிலோமீட்டர் என்று படிக்கும்போது எளிதாகத் தோன்றும்; நடக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும், ஏனென்றால் அதில் பெரும்பகுதி கல்லை அடுக்கிய படிகள். ஒரு படி முழங்கால் உயரம் இருக்கும், அடுத்தது நான்கு விரல் உயரம் இருக்கும். பல இடங்களில் எதிரே வருபவருக்கு வழிவிடச் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். வெர்னாத்ஸாவுக்குள் இறங்கும் கடைசிப் பகுதி, நலமான காலையே நடுங்க வைக்கும். அறுவை சிகிச்சை செய்த காலோடு அங்கே போக வேண்டாம். வெர்னாத்ஸாவிலிருந்து கொர்னீலியா செல்லும் பகுதியும் அப்படித்தான்.

உங்கள் தோழிக்கு ஏற்றது ஒன்றே ஒன்று: ரியோமஜ்ஜோரேயிலிருந்து மனரோலா வரை செங்குத்தான பாறையைக் குடைந்து அமைத்த வியா தெல்லமோரே. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரம், பெரும்பாலும் சமதளம், கடல் பக்கம் முழுவதும் கைப்பிடி. 2012 செப்டம்பரில் பாறை சரிந்து நடந்துகொண்டிருந்தவர்கள் காயமடைந்ததால் மூடப்பட்ட அந்தப் பாதை, மேலே பாறையில் வலைகளும் தடுப்புகளும் அமைத்த பிறகு 2024இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இப்போது நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. நேரத்தைக் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும், பூங்காவின் அட்டையோடு தனிக் கட்டணமும் உண்டு. நடப்பதும் ரியோமஜ்ஜோரேயிலிருந்து மனரோலா நோக்கி மட்டுமே. சனிக்கிழமை ரயில்கள் ஓடுவதால் அன்றைக்கே இதை வைத்துக்கொள்ளுங்கள்.

மனரோலாவில் இறங்கியதும், துறைமுகத்துக்கு அப்பால் புன்தா பொன்ஃபீலியோ என்ற முனைக்குச் செல்லும் சீரான பாதையில் மெதுவாக நடந்துபோகலாம். கீழே வண்ண வீடுகள், பின்னால் திராட்சைத் தோட்டங்கள். செப்டம்பரில் அறுவடைக் காலம் என்பதால், அந்தச் செங்குத்துச் சரிவில் ஒற்றைத் தண்டவாளத்தின்மேல் திராட்சைக் கூடைகளோடு தடதடத்து இறங்கும் சிறு வண்டிகளைப் பார்க்க வாய்ப்புண்டு. 1997இல் யுனெஸ்கோ இந்தக் கரையை உலக மரபுச் சின்னமாக அறிவித்ததில் வீடுகளின் வண்ணத்தைவிட, சரிவில் திராட்சைத் தோட்டங்களைத் தாங்கி நிற்கும், சாந்து பூசாமல் கல்லை மட்டும் அடுக்கி எழுப்பிய சுவர்களுக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் கருத்து. பயிர் செய்வதை விட்டுவிட்ட இடங்களில் சுவர் சரிகிறது. சுவர் சரிந்தால் மண்ணும் சரிகிறது.

காலணியைப் பற்றியும் கவனம் தேவை. பட்டைச் செருப்போடு மலைப்பாதையில் நுழைபவர்களுக்கு 50 யூரோவிலிருந்து 2500 யூரோ வரை அபராதம் விதிக்க விதி இருக்கிறது.

மிலான் மாணவி:

உங்கள் எல்லோருக்கும் மிக்க நன்றி. கொர்னீலியா அறையை ரத்து செய்துவிட்டு, மொன்தெரோஸ்ஸோவில் ஃபெஜீனா பக்கம் முதல் மாடியில் ஓர் அறை பிடித்துவிட்டேன். விலை சற்று அதிகம்தான். உத்தரவாதப் பட்டியலில் ஞாயிறு மாலை எங்களுக்கு ஏற்ற இண்டர்சிட்டி ஒன்று இருக்கிறது, இருக்கையும் கிடைத்துவிட்டது. இனி ஞாயிறு பகலை எப்படிக் கழிப்பது என்பதுதான் கேள்வி. வெர்னாத்ஸாவைப் பார்க்காமல் திரும்ப மனமில்லை. படகை நம்பலாமா? இன்னொரு சிறு சந்தேகம்: தோழி சுத்த சைவம், முட்டையும் சாப்பிட மாட்டாள்.

ஜெனோவாவாசி:

படகுகளை நடத்துவது வேறு நிறுவனம், ஆதலால் புகையிரத வேலைநிறுத்தம் அவற்றைத் தொடாது. வசந்த காலத்திலிருந்து நவம்பர் தொடக்கம் வரை அவை ஓடுகின்றன. வேலைநிறுத்தத்துக்குப் பதிலாக அங்கே கடல் தீர்மானிக்கும். வானம் நீலமாக இருந்தாலும், அலை எழும்பிவிட்டால் சேவையை நிறுத்திவிடுவார்கள்.

ஏறி இறங்கும் விதத்தையும் தோழிக்கு முன்கூட்டியே விளங்கப்படுத்துங்கள். படகு பக்கவாட்டில் அணைவதில்லை. மூக்கைத் துறையின்மேல் முட்டக் கொடுத்துக்கொண்டு, சில்லுப் பூட்டிய ஒடுக்கமான பலகையை முன்னால் இறக்குவார்கள். அலைக்கு ஏற்பப் பலகையின் நுனி கல்லின்மேல் முன்னும் பின்னும் உருளும். ஒரு மாலுமி கை கொடுப்பார். அவர் சொல்லும்போது அடி எடுத்து வைக்க வேண்டுமே தவிர, நாமாக அவசரப்படக் கூடாது. காலையில் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். முதல் படகுகளில் ஒன்றில் வெர்னாத்ஸாவுக்குப் போய், மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள். துறைமுகத்தை ஒட்டி நிற்கும் சாந்தா மர்கெரீத்தா தேவாலயத்தையும் அதன் முன்னுள்ள சதுக்கத்தையும் படி ஏறாமலே பார்க்கலாம். கோட்டைக் கோபுரத்தை விட்டுவிடுங்கள்.

புறப்படுவதற்கு முன் லிகூரியா மாகாணத்தின் வானிலை எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகள் உண்டு. மேல் இரண்டும் வந்தால் பாதைகள் மூடப்படும், நீங்களும் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும். 2011 ஒக்டோபர் 25ஆம் தேதி பெய்த மழையில் மலையே கரைந்து வந்து வெர்னாத்ஸாவின் பிரதான வீதியையும் மொன்தெரோஸ்ஸோவையும் சேற்றில் புதைத்தது, உயிர்களும் போயின. இங்கே எவரும் அந்த எச்சரிக்கையைச் சடங்காக எடுத்துக்கொள்வதில்லை.

சாப்பாட்டில் கவலை வேண்டாம். ஃபரினாத்தா கேளுங்கள். கடலை மாவு, தண்ணீர், எண்ணெய், உப்பு தவிர வேறொன்றும் இல்லை. பெரிய வட்டத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் சுட்டு, ஓரம் மொறுமொறுவென்று வெட்டித் தருவார்கள். ஃபொக்காச்சா ரொட்டியும் உண்டு, ஆனால் மேலே நெத்தலி வைத்திருக்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள், மொன்தெரோஸ்ஸோவின் பெருமையே நெத்தலிதான்.

ரயில் பயணி:

உணவு பற்றி ஒரு வரி. துளசி வகை இலையை அரைத்துச் செய்யும் பெஸ்தோவில் மீன் இல்லை என்று பலர் நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள். ஆனால் அதில் அரைத்துச் சேர்க்கும் பர்மிஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதியைக் கொண்டுதான் உறைய வைக்கிறார்கள். தோழி எந்த அளவுக்குக் கண்டிப்பானவர் என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

அட்டை பற்றி: சனிக்கிழமைக்கு மட்டும், ரயில் பயணமும் சேர்ந்த ஒரு நாள் அட்டை வாங்குங்கள். லெவாந்தோவிலிருந்து லா ஸ்பெத்ஸியா வரை வட்டார ரயில்களில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். நாளைப் பொறுத்து அதன் விலை மாறும். காகித அட்டையாக இருந்தால், முதல் முறை ஏறுவதற்கு முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்க வேண்டாம். ஞாயிறுக்கு அதை வாங்குவது வீண்.

சனிக்கிழமையே வெர்னாத்ஸாவில் இறங்க நேர்ந்தால், ரயிலின் நடுப்பெட்டியில் ஏறுங்கள். நடைமேடை குட்டையானது, இரு பக்கமும் சுரங்கம். ஓரப் பெட்டிகள் இருட்டுக்குள் நின்றுவிடும், அங்கிருப்பவர்கள் ஊர் வந்ததே தெரியாமல் அடுத்த நிலையத்துக்குப் போய்விடுவார்கள்.

மிலான் மாணவி:

பிறகு இதே சந்தேகத்தோடு வருபவர்களுக்காக, நடந்ததை எழுதிவிடுகிறேன். சனிக்கிழமை வியா தெல்லமோரேயில் தோழி எந்தச் சிரமமும் இல்லாமல் நடந்தாள். மனரோலாவில் நிலையத்திலிருந்து ஊருக்குச் செல்லும் நீண்ட சுரங்க நடைவழியும் சமதளமே, ஆனால் துறைமுகத்துக்கு இறங்கும் தெரு சரிவாக இருப்பதால் கைத்தடி கொண்டுபோவது நல்லது. ஞாயிறு காலை படகில் வெர்னாத்ஸா சென்று, மதியத்துக்கு முன் திரும்பினோம். அதன் பிறகு காற்று எழுந்து பிற்பகல் படகுகளை நிறுத்திவிட்டார்கள். கிராம ரயில்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே வந்தன. எங்கள் இண்டர்சிட்டி அரை மணி நேரம் தாமதமாக வந்தது, நிற்கவும் இடமில்லாத கூட்டம், இருக்கை பதிவு செய்திருந்ததால் தப்பித்தோம். தங்குமிடத்தில் இருவருடைய கடவுச்சீட்டையும் வாங்கிப் பதிவு செய்தார்கள். ஜெர்மனியின் வதிவிட அட்டை கையில் இருந்தாலும் கடவுச்சீட்டையும் கொண்டுசெல்லுங்கள். தங்கும் வரியைத் தனியாக ரொக்கமாகக் கேட்டார்கள்.