செல்போன் விற்ற பணத்தால் வங்கிக் கணக்கு முடங்கிவிட்டது, வழி சொல்லுங்கள்

வடுவூர் விவசாயி:
தங்கைக்காக 23,000 ரூபாய்க்கு ஒரு செல்போன் வாங்கினேன். மறுவாரமே சிங்கப்பூரிலிருந்து வந்த மாப்பிள்ளை அவளுக்கு வேறொன்று கொண்டுவந்துவிட்டார். கடையில் திரும்ப எடுக்க மறுத்ததால், சீல் பிரிக்காமல் இணையத்தில் 20,500-க்கு விளம்பரம் கொடுத்தேன்.

முதலில் பேசியவன் ராணுவத்தில் இருப்பதாகச் சொன்னான். முன்பணம் வர, தான் அனுப்பும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து என் ரகசிய பின் (PIN) நம்பரைப் போட வேண்டும் என்றான். பணம் வாங்குவதற்கு ரகசிய நம்பர் எதற்கு என்று கேட்டதும் துண்டித்துவிட்டான். அதில் தப்பினேன்.

அடுத்து ஓர் இளைஞன் மன்னார்குடி பஸ் நிலையத்துக்கு நேரிலேயே வந்தான். பெட்டியின் சீலை நகத்தால் தடவிப் பார்த்தான். என் கியூஆர் கோடைப் படம் எடுத்து யாருக்கோ அனுப்பி, "மாமா போட்டுவிடுவார்" என்றான். இரண்டு நிமிடத்தில் பணம் ஏறியது. அனுப்பியவர் பெயர் ஒரு பெண்ணுடையது. அத்தையாக இருக்கும் என்று நினைத்து, பெட்டியையும் அசல் பில்லையும் கொடுத்துவிட்டேன்.

நான்காம் நாள் கணக்கு முடங்கிவிட்டது. வேறு மாநில சைபர் காவல் நிலையத்தின் உத்தரவு என்கிறது வங்கி. குறுவையில் கொள்முதல் நிலையத்தில் போட்ட 80 சிப்பம் நெல்லின் பணமும் அதே கணக்கில்தான் இருக்கிறது. தாளடி நடவுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. என்ன செய்வது?

நீடாமங்கலம்:
அந்தப் பெண்ணின் பணத்தை வேறு கணக்கிலிருந்து அனுப்பிவிடுங்கள் அண்ணா. பிரச்சினை தீர்ந்துவிடும்.

கும்பகோணம், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:
வேண்டாம் தம்பி, யார் கேட்டாலும் நீங்களாக அனுப்பிவிடாதீர்கள். பணம் கேட்டு வரும் தொலைபேசி அழைப்பே இன்னொரு மோசடியாக இருக்கலாம். எதுவானாலும் விசாரணை அதிகாரி வழியாக, எழுத்தில் நடக்கட்டும்.

நடந்தது இதுதான். எங்கோ ஒரு பெண்ணை ஏமாற்றி, அவர் பணத்தை நேராக உங்கள் கியூஆர் கோடுக்கு அனுப்ப வைத்திருக்கிறார்கள். அவர் இழந்த பணம் உங்களிடம், உங்கள் செல்போன் அவர்களிடம். அதை ரொக்கத்துக்கு விற்றுவிட்டால் அவர்களுடைய தடயம் எங்கும் இல்லை. அந்தப் பெண் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்ததும் பணம் போன பாதையில் முதலில் நிற்பது உங்கள் கணக்கு.

வங்கியில் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: புகாரின் ஒப்புகை எண், எந்தக் காவல் நிலையம், எவ்வளவு தொகைக்குப் புகார். பிறகு விளம்பரம், அவனோடு நடந்த உரையாடல், பணம் வந்த விவரம் எல்லாவற்றையும் சேர்த்து அந்த அதிகாரிக்கு எழுதுங்கள். 20,500-ஐ மட்டும் நிறுத்தி மீதியை விடுவிக்கக் கேளுங்கள். நெல் பணம் வந்த வரவையும் காட்டுங்கள். முழுக் கணக்கையும் முடக்குவது சரியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமே 2024-இல் சொல்லியிருக்கிறது. மனுவில் அதையும் குறிப்பிடுங்கள்.

திருவாரூர் செல்போன் கடை:
அசல் பில் போனால் போகட்டும். வாங்கிய கடையில் நகல் கேளுங்கள், கணினியில் இருக்கும். அதில் போனின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண் இருக்கும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண். நீங்கள் ஏமாற்றப்பட்டதாக உங்கள் மாவட்ட சைபர் பிரிவில் தனிப் புகார் கொடுத்து அந்த எண்ணைச் சேருங்கள். யாராவது சிம் போட்டதும் போலீஸாரால் தேட முடியும். தாமதிக்காதீர்கள், பில் உங்கள் பெயரில் இருக்கிறது. அந்த போனில் நாளை ஏதாவது தப்பு நடந்தால் விசாரணை உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

நாங்கள் கடையில் பழைய போன் எடுக்கும்போதே ஆதார் நகலில் கையெழுத்து வாங்குகிறோம். பணம் அனுப்புகிறவரும் பொருள் வாங்குகிறவரும் ஒரே ஆள் இல்லையென்றால் பெட்டியைக் கொடுக்கவே கூடாது. வந்த பணத்தின் மீது அப்போதே சந்தேகம் வர வேண்டும்.

வடுவூர் விவசாயி:
பதினொரு நாள் கழித்து எழுதுகிறேன். பில் நகல் கிடைத்தது, திருவாரூரில் புகார் கொடுத்து ரசீதும் வாங்கிவிட்டேன். அந்த மாநில அதிகாரிக்கு மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பினேன். நேற்று வங்கிக்கு அவர் பதில் வந்தது. 20,500 மட்டும் நிறுத்தத்தில் இருக்கிறது, மீதியை எடுக்க முடிகிறது. கும்பகோணம் ஐயா, மனுவில் நீங்கள் சொன்னதைத்தான் அப்படியே எழுதினேன். நாளைக் காலை நாற்று பறிக்க ஆள் வருகிறார்கள்.