வண்டிகளை நிறுத்தாமல் நெடுஞ்சாலையின் பலத்தை அளக்க வழி உண்டா?

வணக்கம். சாலைப் பணியில் அனுபவம் உள்ள அண்ணன்கள், அக்காக்களிடம் ஓர் உதவி.

கிருஷ்ணகிரி–தொப்பூர் இடையே தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஒரு பகுதியின் உறுதியை மதிப்பிட வேண்டும். மேலே தார் நன்றாகத்தான் தெரிகிறது. அடியில் ஜல்லி அடுக்கும் மண்ணும் எப்படி இருக்கின்றன என்பதுதான் கேள்வி.

பெங்கல்மேன் பீம், அதாவது பாரம் ஏற்றிய லாரியின் சக்கரத்தடியில் சாலை எவ்வளவு அமிழ்கிறது என்று அளக்கும் நீண்ட கோல், மிகவும் மெதுவானது. இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 115 வழிகாட்டி சொல்லும் எஃப்டபிள்யூடி, அதாவது எடையை விழவிட்டுச் சாலை எவ்வளவு அமிழ்கிறது என்று அளக்கும் கருவி, வேகமானதுதான். ஆனாலும் ஒவ்வொரு புள்ளியிலும் நின்றாக வேண்டும். தொப்பூர் இறக்கத்தில் ஒரு தடத்தை மூட எனக்கு மனமே வரவில்லை. பாரத்தோடு இறங்கும் லாரிக்கு பிரேக் பிடிக்காவிட்டால், கூம்பு வைத்து நிற்கிற ஆட்களின் கதி என்ன?

வெளிநாடுகளில் டிராஃபிக் ஸ்பீட் டிஃப்ளெக்டோமீட்டர் மணிக்கு 80 கிமீ வேகத்தில் ஓடியபடியே லேசரால் அமிழ்வை அளக்கிறது. அது இங்கே கிடைக்குமா? இல்லையென்றால், தரைக்கு அடியில் ஊடுருவிப் பார்க்கும் ரேடார் பொருத்திய வண்டியை ஓட்டி அடுக்குகளின் தடிமனை எடுத்துவிட்டு, சந்தேகமான இடங்களில் மட்டும் எஃப்டபிள்யூடி வைத்தால் போதுமா?

அப்புறம், இரவில் அளந்தவர்கள் 35 டிகிரிக்கான வெப்பத் திருத்தத்தை, அதாவது வெப்பத்துக்கேற்ப தாரின் இறுக்கம் மாறுவதால் அளவுகளை 35 டிகிரி செல்சியஸுக்கு மாற்றிக் கணக்கிடுவதை, எப்படிச் செய்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.