அம்பாசிடர்ல நாய்க்குக் "குளுகுளு" இடமாம்!

பிஸ்டன் பாண்டி:
பழைய கார்ல நாயைக் கூட்டிட்டுப் போறவங்களுக்கு யோசனைன்னு மார்க் டூ மணி நேத்து ஒரு பதிவு போட்டிருக்கார். "அம்பாசிடர்ல நாய்க்குத் தோதான இடம் முன்சீட்டுல இடது பக்கம் கால் வைக்கிற இடம்தான். சூடு மேல போயிடும், கீழே குளுகுளுன்னு இருக்கும்"னு எழுதியிருக்கார். அதுக்குக் கைதட்டல் வேற.

ஐயா, பானெட்டைத் திறந்து பாத்திருக்கீங்களா? 1489 சிசி பி.எம்.சி. எஞ்சின்ல கார்புரேட்டரும், எரிஞ்ச புகையை வெளியேத்துற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம், இடது பக்கம். டிஸ்ட்ரிபியூட்டர்தான் வலது பக்கம். மேனிஃபோல்டுல இருந்து பைப் நேரா கீழே இறங்குறது ஃபயர்வாலோட, அதாவது எஞ்சினையும் கேபினையும் பிரிக்கிற தகரச் சுவரோட, இடது பக்கத்துல. அதுக்கு இந்தப் பக்கம் யார் கால் இருக்கு? உங்க நாயோட தலை இருக்கு. மொத்தக் கார்லயும் சூடான மூலையைத் தேடிப் பிடிச்சு நாயைப் படுக்க வச்சிட்டு அதுக்குக் குளுகுளுன்னு பேரு.

மார்க் டூ மணி:
பாண்டி சார் வந்துட்டாரு. ஃபயர்வாலுக்கு இந்தப் பக்கம் தார் ஷீட் இருக்கு, அது மேல சணல் ஃபெல்ட், அது மேல ரப்பர் மேட். மூணு அடுக்கு தாண்டி எந்தச் சூடும் வராது. ஃபெல்ட் இல்லாம வெறும் தகரத்துல வண்டி ஓட்டுறவங்களுக்குச் சுடும், அது வண்டியோட குத்தம் இல்ல.

நான் கீழேன்னு சொன்னதுக்குக் காரணம் பிரேக். நாலு சக்கரமும் டிரம், மிதிக்கிற பலத்தைக் கூட்டிக் குடுக்கிற சர்வோ கிடையாது. பின்சீட்டுல 25 கிலோ லேப்ரடார் உக்காந்திருக்கு. 40 கிலோமீட்டர் வேகத்துல போயி எதிலயாவது மோதி அரை மீட்டர்ல நிக்குதுன்னு வைங்க, நாய் முன்னாடி பாயுற விசை 300 கிலோ பாரத்துக்கு மேல. யார் முதுகுல விழும்? கீழே படுத்திருந்தா பாய இடமே கிடையாது. கணக்குப் போட்டுப் பாருங்க.

வரையறை வாத்தியார்:
முதல்ல ஒண்ணைத் தெளிவாக்கிக்குவோமே. பிரிட்டிஷ் கிளப் கணக்குப்படி வின்டேஜ்னா 1919-ல இருந்து 1930 வரைக்கும் வந்த கார். அம்பாசிடர் அதுல வராது. எதைப் பத்திப் பேசுறோம்?

பிஸ்டன் பாண்டி:
மூணு அடுக்காம். சணல் ஃபெல்ட் சூட்டைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. அரை மணி நேரம் ஓடினப்புறம் ஃபெல்ட்டே சூடாயிடும், அப்புறம் வண்டி நின்னாலும் அது சீக்கிரம் ஆறாது. அதோட மழைக்காலத்துல ஒழுகி நனைஞ்ச ஃபெல்ட்னா ஆவி வேற. நாய் உடம்பைக் குளிர வைக்கிறது மூச்சுதான், இளைச்சு இளைச்சு நாக்கு ஈரத்தைக் காத்துல ஆற விடணும். அதுக்கு ஓடுற காத்து வேணும். முக்கோணக் கண்ணாடியை எவ்வளவு திருப்பினாலும் காத்து நெஞ்சு உயரத்துலதான் அடிக்கும், கால் வைக்கிற இடத்துல சுழலாது. சென்னைப் புழுக்கத்துல அந்த மூலை வேகிற சட்டி.

திரும்பவும் கேக்கிறேன். மேனிஃபோல்டு எந்தப் பக்கம்?

லேப் லதா:
மணி அண்ணா சொல்ற பாயுற கணக்கு சரிதான், பாண்டி சார் சொல்ற சூடும் சரிதான். நாய்க்குச் சாதாரண உடம்புச் சூடு 101-ல இருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104 தாண்டினா பயணத்தை நிறுத்திடணும். 106-ன்னா உயிருக்கே ஆபத்து. எச்சில் கெட்டியா நூலா வடியுறது, ஈறு செக்கச்செவேல்னு ஆகுறது, கால் பின்னுறது, இதெல்லாம் கண்டா வண்டியை நிழல்ல போட்டு வயிறு, தொடை இடுக்கு, பாதம் எல்லாத்துலயும் குழாய்த் தண்ணி ஊத்தி விசிறணும். ஈரத் துண்டைப் போத்தி மூடிடக் கூடாது, சூடு உள்ளேயே அடைஞ்சிடும். குளிர வச்சிட்டு அப்புறம் டாக்டர்கிட்ட ஓடுங்க. பக், புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய்களை ஏசி இல்லாத வண்டியில மத்தியானம் ஏத்தவே கூடாது. கீழேயா மேலேயாங்கிற பேச்சே அதுகளுக்கு இல்ல.

சிப்பிப்பாறை:
அதுக்குத்தான் நாட்டு நாய் வளக்கணும்ங்கிறது. லேப்ரடாருக்கு ரெண்டு அடுக்கு ரோமம், பனி ஊருக்குன்னு பிறந்த உடம்பு. நம்ம சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் மெலிஞ்ச உடம்பு, குட்டை ரோமம். கரிசல் காட்டு வெயில்ல முயல் விரட்டுற சாதி. எந்த மூலையில போட்டாலும் வரும்.

லேப் லதா:
வெயில்ல ஓடுறது வேற, பூட்டின தகரப் பெட்டிக்குள்ள இருக்கிறது வேற. நிறுத்தின காருக்குள்ள முதல் 10 நிமிஷத்துலயே 10, 11 டிகிரி செல்சியஸ் ஏறும், அரை மணியில 19 வரைக்கும் போகும். கண்ணாடியை ரெண்டு விரக்கடை இறக்கி வைக்கிறது பெருசா உதவாது. அதுக்கு நாட்டு நாய், சீமை நாய்னு பேதம் தெரியாது. ராஜபாளையத்துக்கு ரோஜா நிற மூக்கும் தோலும், வெயில் பட்டா வெந்து போயிடும். அதையும் எந்த மூலையிலயும் போடலாமா?

சிப்பிப்பாறை:
நான் ராஜபாளையத்தைப் பத்திப் பேசவே இல்லையே தாயி. பேரைப் பாத்துட்டுப் பேசுங்க.

மார்க் டூ மணி:
பாண்டி சாருக்கு: மேனிஃபோல்டு இடது பக்கம்தான். நான் இல்லைன்னு எங்கே சொன்னேன்? அதோட சூடு கேபினுக்கு வராதுன்னுதான் சொன்னேன். பைப்புக்கும் தரைக்கும் நடுவுல ஒரு மில்லி அலுமினியத் தகடு, தரையில இருந்து 10, 12 மில்லி இடைவெளி விட்டு வாஷர் வச்சு முடுக்கினா போதும். காத்து இடையில ஓடும். பைப்புக்கு நூல் டேப் சுத்துறவங்க சுத்தாதீங்க, ஈரத்தைப் பிடிச்சு வச்சு பைப்பைத் துருப்பிடிக்க வைக்கும். இதெல்லாம் செய்யாதவங்க வண்டியை வச்சு என் பதிவைக் குறை சொல்றதுல நியாயம் இல்ல.

பிஸ்டன் பாண்டி:
இதுதான் வேணும்! நேத்துப் பதிவுல அலுமினியத் தகடு எங்கே? ஒரு வரி கிடையாது. "கீழே குளுகுளு", அவ்வளவுதான். இன்னிக்குத் தகடு, இடைவெளி, வாஷர். குளுகுளுன்னு இருக்கிற இடத்துக்கு எதுக்குய்யா சூட்டுத் தகடு?

ரேடியேட்டர் விவாதத்துலயும் இதே வேலைதான். பச்சைத் தண்ணியே போதும்னு ஆரம்பிச்சு, எஞ்சின் பிளாக் துருப்பிடிக்கும்னு சொன்னதும், "நான் காய்ச்சின தண்ணியைச் சொன்னேன்"னு முடிச்சவர்தானே நீங்க.

மார்க் டூ மணி:
அந்தப் பேச்சு இப்ப எதுக்கு? ஆனா எடுத்துட்டீங்க, சொல்லிடறேன். நாய் இருக்கிற வீட்டுல பச்சைத் தண்ணிதான் பத்திரம். ரேடியேட்டர்ல தண்ணிக்குப் பதிலா ஊத்துற கூலன்ட்ல இருக்கிற எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாய் நக்கும். கலக்காத கூலன்ட் ஒரு கிலோ எடைக்கு 4.4-ல இருந்து 6.6 மில்லி போனாலே நாய் செத்துடும். 20 கிலோ நாய்க்கு ஒரு டம்ளர்கூட வேண்டாம். பழைய வண்டியில வழியுற தண்ணியைப் பிடிச்சு வைக்கிற பாட்டில் கிடையாது, கழுத்து வரைக்கும் ஊத்தினா ஓவர்ஃப்ளோ குழாய் வழியா தரையிலதான் கொட்டும். துருவை நீங்க பாருங்க, நான் நாயைப் பாக்கிறேன்.

பிஸ்டன் பாண்டி:
புரொப்பிலீன் கிளைக்கால் கூலன்ட் கிடைக்குது, விஷம் அதைவிட ரொம்பக் கம்மி. ரேடியேட்டரைக் கழுத்து வரை நிரப்பாம ஒரு அங்குலம் குறைச்சு ஊத்தினா கொட்டாது. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் குழாய் முனையில மாட்டினா கொட்டினாலும் நாய் வாய்க்குப் போகாது. இதெல்லாம் தெரியாம நாய்ப் பாசம் பேசக் கூடாது. பேச்சை மாத்தாதீங்க. இடது பக்கம்.

மாடல் ஏ:
கால் வைக்கிற இடம்னா என் பக்கத்துக் கவலையையும் கேளுங்க. 1928-ல இருந்து 31 வரைக்கும் வந்த ஃபோர்டு மாடல் ஏ-வுக்குப் பெட்ரோல் டாங்க் டேஷ்போர்டுக்குப் பின்னாடியே இருக்கு. பம்ப் கிடையாது, சரிவுல இறங்குற பெட்ரோல். அடைக்கிற வால்வு பெரும்பாலான வண்டிகள்ல கேபினுக்குள்ள, டாங்க் அடியிலயே. அந்த வால்வோட பேக்கிங் காய்ஞ்சு போனா சொட்டும். பெட்ரோல் ஆவி காத்தைவிட மூணு நாலு மடங்கு கனம், நேரா தரைக்குத்தான் வரும். கீழே படுத்த நாய் அதைத்தான் சுவாசிக்கும். வால்வு கைப்பிடியை நாய் தட்டிவிட்டா வண்டி நடு ரோட்டுல நின்னுடும், அது தனிக் கதை.

பிஸ்டன் பாண்டி:
பாத்தீங்களா! கனமான புகை கீழேதான் தங்கும். எக்ஸாஸ்ட்ல வர கார்பன் மோனாக்சைடும் அப்படித்தான். கீழே படுத்த நாய்தான் முதல்ல மயங்கும்.

மாடல் ஏ:
அது தப்பு சார். நான் சொன்னது பெட்ரோல் ஆவி. கார்பன் மோனாக்சைடோட மூலக்கூறு எடை 28, காத்தோடது கிட்டத்தட்ட 29. கொஞ்சம் லேசுதான், கீழே தங்காது, கேபின் முழுக்கக் கலந்துடும். நாயும் ஓட்டுறவரும் சேர்ந்தேதான் மயங்குவாங்க.

பிஸ்டன் பாண்டி:
கலந்தா மட்டும் நல்லதா? உள்ள வர ஓட்டை எங்கே இருக்கு, அதைச் சொல்லுங்க. ஃபயர்வால்ல கேபிளும் வயரும் போற ஓட்டைகள்ல ரப்பர் வளையம் (குரோமெட்) காய்ஞ்சு உதிர்ந்திருக்கும். அது எல்லாம் கால் வைக்கிற இடத்துலதான் திறக்குது. வர புகை முதல்ல யார் மூஞ்சியில அடிக்கும்? நான் சொன்னதுல என்ன தப்பு?

எல்லாருக்கும் சொல்றேன். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, சைலன்சர் வாயை மொத்தத் துணியால அஞ்சு செகண்ட் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்க. மேனிஃபோல்டும் பைப்பும் சேர்ற மூட்டுல "டுப் டுப்"னு சத்தம் வந்தா கசியுது. முதல்ல அதைச் சரி பண்ணுங்க. அப்புறம் பின்கண்ணாடியை மட்டும் இறக்கிட்டு முன்கண்ணாடியை ஏத்தி வச்சு ஓட்டாதீங்க, பின்னாடி சுழலுற புகையை வண்டி உள்ள இழுக்கும். முன்னாடியும் திறந்து வைங்க.

மார்க் டூ மணி:
28 பெருசா 29 பெருசான்னு ஒருத்தர் சொல்லியும் "என்ன தப்பு"ன்னு கேக்கிறார் பாருங்க. தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்.

சரி, கீழே வேண்டாம். எங்கே வைக்கணும்? அதை மட்டும் இன்னிக்கு வரைக்கும் சொல்லல. முன் பெஞ்ச் சீட்டுல பக்கத்துல உக்கார வச்சா ஸ்டியரிங் கழுத்துல இருக்கிற கியர் ராடை நாய் முட்டும். ஓட்டுறவர் கட்டுப்பாட்டுக்கு இடைஞ்சலா எதையும் வைக்கக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 125-ம் பிரிவே இருக்கு.

பிஸ்டன் பாண்டி:
பின்சீட்டு, இடது ஓரம், நெஞ்சுப் பட்டை போட்டு. கழுத்துப் பட்டையில கயிறு மாட்டினா பிரேக்குல கழுத்து முறியும். பட்டையை எதுல மாட்டறதுன்னு அடுத்து கேப்பீங்க. சீட்டுல மாட்டாதீங்க, பின்சீட்டு மெத்தை தூக்கினா கையோட வரும். தரையில ஆங்கர் போடணும். சீட் பெல்ட்டுக்குப் போடுற அதே 7/16 அங்குல யுஎன்எஃப் (நெருக்கமான மரை) போல்ட், தரைக்கு அடியில 3 மில்லி இரும்புத் தகடு, குறைஞ்சது 40 சதுர சென்டிமீட்டர். வெறும் வாஷர் போட்டா இழுக்கும்போது தகரத்தைக் கிழிச்சிட்டு வந்துடும். ஓட்டை போட்ட விளிம்புக்கு ரெட் ஆக்சைடு அடிங்க. கயிறு நாய் எழுந்து திரும்பிப் படுக்கிற நீளம் போதும், முன்சீட்டு முதுகை எட்டக் கூடாது.

மார்க் டூ மணி:
ஆஹா. 2021 ஜூலையில வந்த விதித் திருத்தம் என்ன சொல்லுது? 50 வருஷம் தாண்டின வண்டிக்கு (சட்டம் அதை வின்டேஜ்ங்குது) "விஏ"ன்னு வர தனி நம்பர் வாங்கணும்னா சேசிஸ், பாடி, எஞ்சின்ல பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. 20,000 ரூபாய் கட்டி வாங்குற பதிவுக்கு முன்னாடி தரையில துளை போடச் சொல்றார் பாண்டி சார்.

சிப்பிப்பாறை:
அண்ணாச்சி, விஏ நம்பர் வாங்கின வண்டியைத் தினசரி ஓட்டவே கூடாதுல்லா? கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, அவ்வளவுதான். நாயை ஏத்திட்டு பீச்சுக்குப் போறது இதுல எதுல சேத்தி?

வரையறை வாத்தியார்:
இதைத்தான் முதல்லயே கேட்டேன். எந்த வகை காரைப் பத்திப் பேசுறோம்?

மார்க் டூ மணி:
வின்டேஜ் பதிவு வாங்காம சாதாரணப் பதிவுலயே ஓட்டுறவங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்ல சிப்பிப்பாறை. பேச்சைத் திசை திருப்பாதீங்க. துளை, அதுக்குப் பதில் வரட்டும்.

பிஸ்டன் பாண்டி:
அரை அங்குலத் துளை பெரிய மாற்றமா? அப்ப ஸ்பீக்கர் மாட்டினவன் எல்லாம் ஜெயிலுக்குப் போகணும். துளையைப் பேசி இடது பக்கத்தை மறக்கடிக்கப் பாக்காதீங்க. ஒரே ஒரு வேலை செய்யுங்க. வெயில் நேரத்துல ஒரு மணி நேரம் ஓட்டிட்டு இடது கால் வைக்கிற இடத்துல மேட்டைத் தூக்கி இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் பிடிச்சுப் படம் போடுங்க. வலது பக்கமும் ஒண்ணு, பின்சீட்டுத் தரையும் ஒண்ணு. முடிஞ்சுபோச்சு.

லேப் லதா:
மேட்டைத் தூக்கி எடுத்தா நாய்க்குப் படுற சூடு தெரியாதே சார். நாய் மேட் மேலதானே படுக்குது?

மார்க் டூ மணி:
அப்படிக் கேளுங்க லதாம்மா! மேட் மேல எடுக்கணும்.

பிஸ்டன் பாண்டி:
மேட் மேல எடுத்தா புது மேட் வாங்கிப் போட்டு எடுப்பார். தகரத்துல எடுங்க. பளபளன்னு இருக்கிற தகடுல இன்ஃப்ராரெட் குறைச்சுக் காட்டும், அதனால கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அது மேல பிடிங்க. அலுமினியத் தகட்டைக் கழட்டிட்டு எடுக்கணும், நேத்துப் பதிவுல தகடு கிடையாது.

மார்க் டூ மணி:
தகட்டைக் கழட்டணும், மேட்டைத் தூக்கணும், டேப் ஒட்டணும். ஃபெல்ட்டையும் கழட்டவா? சொல்லுங்க, எஞ்சினையும் உள்ளே தூக்கி வச்சு அளந்துடுறேன்.

பிஸ்டன் பாண்டி:
மேனிஃபோல்டு எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கமா வைங்க.